ஆறு முட்டைகளும் ஒரு கல்லூரியும்

"எங்கள் ஊரில் ஒரு கல்லூரி வேண்டும், கல்லூரி இயலாவிடின் ஒரு தொழிற்பள்ளியேனும் வேண்டும்" என்னும் குரல் எழாத ஊர் அரிது. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மகனையும், கைத்தொழில் கற்க ஆவலிருந்தும் நகரத்துக்குச் செல்ல வழியற்ற மகளையும் நாள்தோறும் காணும் பெற்றோரின் உள்ளத்திலிருந்து எழும் குரல் அது. அதற்கு நாம் வழக்கமாகத் தரும் மறுமொழியும் ஒன்றே: "பணத்திற்கு எங்கே போவது?" நிலம், கட்டடம், இயந்திரம், விடுதி என்று பட்டியல் நீளும், கடைசியில் வரும் தொகையைக் கண்டு மலைத்துக் கூட்டம் கலைந்துவிடும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமை வாயிலாகக் கற்பித்தார். ஆகவே கணக்கிடுவது கடமையே. ஆனால் எதனை முதலிற் கணக்கிடுவது, எதனைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதிலேதான் நாம் தடுமாறுகிறோம். கட்டடத்தை முதலில் எழுதுகிறோம். ஆசிரியரைக் கடைசியில் எழுதுகிறோம். இம்முறை சரிதானா என்று ஆராய்வதற்கு, அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ வெறுங்கையோடு தொடங்கப்பெற்ற ஒரு பள்ளியின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இரண்டாயிரம் டாலரும் ஒரு கொட்டகையும்

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே டஸ்கீகி என்பது ஒரு சிற்றூர். 1865-ஆம் ஆண்டில் அடிமைத்தளை ஒழிக்கப்பட்ட பின்னரும் அவ்வூரின் கறுப்பின மக்கள் கல்வியும் நிலமும் இன்றி வாழ்ந்தனர். அவர்களுள் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் அடிமையாயிருந்தவர். தகரவேலை, தோல்வேலை ஆகிய தொழில்களில் வல்லவர். 1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் மக்களின் வாக்கை நாடிவந்த வேட்பாளரிடம் அவர் வேண்டிய கைம்மாறு ஒன்றே: தம் இனத்தாருக்கு ஒரு பள்ளி. வேட்பாளர் வென்றார், வாக்கும் காப்பாற்றப்பட்டது. மாநில அரசு ஆண்டுதோறும் 2,000 டாலர் ஒதுக்கியது. ஆயினும் அத்தொகை ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே உரியது. நிலத்துக்கோ, கட்டடத்துக்கோ, கருவிகளுக்கோ ஒரு காசும் இல்லை.

இப்பள்ளியை நடத்த வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. வந்தவர் பள்ளிக்கூடத்தைத் தேடினார்; அப்படி ஒன்று இல்லை. கறுப்பின மக்களின் சிறிய ஆலயத்தையும் அதனருகே இருந்த பாழடைந்த கொட்டகையையும் இரவல் பெற்று, 1881 சூலை 4-ஆம் நாள் முப்பது மாணவருடன் பாடத்தைத் தொடங்கினார். மழை பெய்தால் மாணவருள் ஒருவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார்; குடையின் கீழ் நின்றபடியே அவர் மற்றவர்களின் பாடத்தைக் கேட்பார்.

ஊதியத்திற்கு மட்டும் பணம் இருந்து மற்றொன்றும் இல்லாத நிலை பெருங்குறை போல் தோன்றும். ஆயினும் எண்ணிப் பார்ப்போமாயின், பல நிறுவனங்கள் இதற்கு மாறான நிலையிலன்றோ அல்லற்படுகின்றன! அழகிய கட்டடம் எழும்பிவிடும், திறப்புவிழாவும் நடந்தேறிவிடும், மூன்றாம் ஆண்டில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வகையிராது. நல்ல ஆசிரியர் விலகுவர். பட்டறையில் பூட்டுத் தொங்கும். டஸ்கீகியில் கூரை ஒழுகிற்று. ஆசிரியர் நிலைத்து நின்றார்.

முதலில் ஊரைக் கண்டார்

பள்ளியைத் திறப்பதற்கு முன் வாஷிங்டன் ஏறத்தாழ ஒரு மாதம் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் சிற்றூர்கள் தோறும் பயணம் செய்தார். மக்களோடு உண்டார், அவர்களின் ஓரறைக் குடிசைகளிலேயே உறங்கினார். ஒரு வீட்டில் நால்வரோடு உணவுக்கு அமர்ந்தபோது, விருந்தினரையும் சேர்த்து ஐவருக்கு ஒரே ஒரு முள்கரண்டிதான் இருந்தது. அதே குடிசையின் மறு மூலையில் 60 டாலர் விலையுள்ள ஆர்கன் ஒன்று நின்றது! மாதத் தவணையில் வாங்கியதாம். மற்றோரிடத்தில், உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஓர் இளைஞன் பிரெஞ்சு இலக்கண நூலைக் கையில் வைத்துக் கொண்டு அமர்ந்திருந்தான். அவன் உடையில் எண்ணெய்ப் பிசுக்கு. முற்றத்திலும் தோட்டத்திலும் களை மண்டிக் கிடந்தது.

இக்காட்சிகள் அவரைச் சிந்திக்க வைத்தன. நகரத்துப் பள்ளியின் பாடத்திட்டத்தை அப்படியே கொணர்ந்து இங்கு நடுவதாற் பயனில்லை என்று அவர் தெளிந்தார். இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் உழவை நம்பி வாழ்பவர். ஆகவே நிலத்தையும், வீட்டையும், உடலையும் பேணும் கலையைப் புத்தகக் கல்வியோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஊரைக் கண்ட பின்னரே பாடத்தை வகுத்தார். அந்த ஒரு மாதப் பயணத்திற்கு ஆன செலவு சொற்பம். அதனால் தவிர்க்கப்பட்ட வீண்செலவோ அளவிடற்கரியது.

கடனில் வாங்கிய நிலம்

பள்ளி தொடங்கி மூன்று திங்கள் கழிந்தபோது, ஊருக்கு ஒரு மைல் தொலைவில் பழைய பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. 100 ஏக்கர் நிலம். விலை 500 டாலர். பாதியை உடனே கொடுத்து மீதியை ஓராண்டுக்குள் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அப்பாதிக்கும் வழியில்லை. தாம் பயின்ற ஹாம்டன் கல்வி நிலையத்தின் பொருளாளருக்கு வாஷிங்டன் கடிதம் எழுதினார். நிறுவனப் பணத்தைக் கடன் தர அவருக்கு உரிமை இல்லை. ஆயினும் தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கொடுத்துதவினார்.

பண்ணையின் பெரிய மாளிகை முன்னரே தீக்கிரையாகியிருந்தது. எஞ்சியவை ஒரு சாப்பாட்டறை, ஒரு பழைய சமையற்கட்டு, ஒரு குதிரை லாயம், ஒரு கோழிக்கொட்டில் ஆகியவையே. லாயத்தைக் கழுவி வகுப்பறையாக்கினர். அதுவும் போதாமற் போகவே, கோழிக்கொட்டிலையும் கழுவி வகுப்பறையாக்கினர். பயிர் செய்வதற்குக் காட்டைத் திருத்த வேண்டியிருந்தது. "படிக்க வந்த நாங்கள் கோடரி பிடிப்பதா?" என்று மாணவர் முகம் சுளித்தனர். அவர்களுள் சிலர் ஏற்கெனவே ஆசிரியராய் இருந்தவர்கள். வாஷிங்டன் அவர்களோடு வாதாடவில்லை. நாள்தோறும் வகுப்பு முடிந்ததும் தாமே கோடரியைத் தோளில் சுமந்து காட்டுக்குப் புறப்பட்டார். தலைவர் மரம் வெட்டக் கண்ட மாணவர் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தனர். இருபது ஏக்கர் திருத்தப்பட்டுப் பயிரேறியது.

கடனை அடைத்த வரலாறு நம் பங்குகளுக்குப் பழக்கமானதே. ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை வீடு வீடாகச் சென்று, கறுப்பினத்தார் வெள்ளையர் என்னும் வேறுபாடின்றி, விருந்துவிழாவுக்கு ஏதேனும் பண்டம் கொடுத்துதவுமாறு வேண்டினார். ஒருவர் ரொட்டி கொடுத்தார். ஒருவர் கோழி கொடுத்தார். மற்றொருவர் பலகாரம் கொடுத்தார். அவற்றை விற்ற பணமும் சிறு நன்கொடைகளும் சேர்ந்தன. ஒரு நாள் எழுபது வயது மதிக்கத் தக்க மூதாட்டி ஒருவர், கந்தலுடுத்தி, கைத்தடி ஊன்றி வாஷிங்டனிடம் வந்தார். அடிமைக் காலத்தில் தம் வாழ்வின் சிறந்த பகுதியைக் கழித்தவர். தம்மிடம் பணம் இல்லையென்று கூறி, தாம் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் கல்விக்கென்று கொடுத்துச் சென்றார். எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நாம் இங்கே நினைவுகூராதிருக்க முடியுமா? பிற்காலத்தில் பெருஞ்செல்வர் பலரின் நன்கொடையைப் பெற்ற வாஷிங்டன், தம் உள்ளத்தை அந்த ஆறு முட்டைகளைப் போல் உருக்கிய கொடை வேறில்லை என்றே எழுதிவைத்தார்.

மூன்று திங்களில் ஹாம்டன் பொருளாளரின் கடன் திரும்பியது. மேலும் இரண்டு திங்களில் விலை முழுவதும் செலுத்தப்பட்டு நிலம் பள்ளிக்கு உரிமையாயிற்று. பணத்தின் பெரும்பகுதி அச்சிற்றூர் மக்களிடமிருந்தே வந்தது என்பது குறிக்கத்தக்கது. கடனைக் குறித்த நாளில் தீர்ப்பவர் என்னும் நற்பெயர், பின்னர் எந்த ஈட்டுப் பத்திரத்தினும் மேலாக அவருக்கு உதவிற்று. முதற் பெருங்கட்டடத்திற்கு வேண்டிய மரத்தை, வாய்ச்சொல் ஒன்றையே ஈடாகக் கொண்டு தர மரஅறுவை ஆலைக்காரர் ஒருவர் தாமாகவே முன்வந்தார்.

நான்காவது சூளை

அவ்வூரில் செங்கல் கிடைக்கவில்லை. ஆகவே பள்ளியே செங்கல் அறுக்கத் துணிந்தது. மண்ணை மிதிப்பதும் அச்சில் வார்ப்பதும் எளிதெனத் தோன்றினும், சூளை அடுக்கிச் சுடுவது தேர்ந்த கைகளின் வேலை. ஏறக்குறைய 25,000 கற்களை அடுக்கி முதற் சூளையை மூட்டினர், வேகவில்லை. இரண்டாவதும் பழுதாயிற்று. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து, முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையிலிருந்த பணம் தீர்ந்தது. ஆசிரியரும் கைவிடுமாறு சொல்லினர். வாஷிங்டன் தம்மிடமிருந்த கடிகாரத்தை மாண்ட்கமரி நகரத்து அடகுக் கடையில் வைத்து 15 டாலர் பெற்று வந்தார். நான்காவது சூளை வெந்தது. கடிகாரத்தை மீட்கவேண்டிய நாள் கடந்துவிட்டது, அது திரும்பவேயில்லை.

அன்று முதல் செங்கல் அறுத்தல் அப்பள்ளியின் ஒரு தொழிற்பாடமாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளில் அங்கு எழுந்த நாற்பது கட்டடங்களில் நான்கு நீங்கலாக மற்றவையெல்லாம் மாணவர் உழைப்பிலேயே எழுந்தவை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளிக்குச் செங்கல் தேவை; மாணவருக்குத் தொழில் தேவை; ஊராருக்கும் நல்ல செங்கல் தேவை. இம்மூன்று தேவைகளும் ஒரே சூளையில் சந்தித்தன. கறுப்பினத்தாருக்குக் கல்வி எதற்கு என்று ஐயுற்றிருந்த வெள்ளையரும் கல் வாங்க வந்தனர். வந்தவர் பள்ளியை மதிக்கலாயினர். செய்த பொருள் தரமானதாயின், அதனினும் சிறந்த விளம்பரம் ஒரு தொழிற்பள்ளிக்கு வேண்டுவதில்லை.

கட்டணம் செலுத்தவே இயலாத இளைஞருக்கென 1884-ஆம் ஆண்டில் இரவுப் பள்ளி தொடங்கப்பட்டது. பகலில் பத்து மணி நேரம் ஒரு தொழிலில் உழைத்து, இரவில் இரண்டு மணி நேரம் படிப்பர். உணவுச் செலவு போக எஞ்சும் கூலி அவர்கள் பெயரிலேயே பள்ளியில் சேமிக்கப்பட்டு, பிற்பாடு பகற்பள்ளியில் சேரும்போது செலவுக்கு உதவும்.

தொடக்க நாட்களின் இன்னலை மறைத்துப் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. விடுதிக்கு இடமில்லாமற் கட்டடத்தின் அடியிலே மண்ணைத் தோண்டிச் சாப்பாட்டறை அமைத்தனர். தச்சுப்பட்டறை மேசைகளே உணவு மேசைகளாயின. உணவு வேளை தவறியது. சில நாள் உணவே பாழாயிற்று. ஒரு காலை, பசியாற ஒன்றும் கிடைக்காத மாணவி ஒருத்தி தண்ணீரேனும் பருகலாமென்று கிணற்றுக்குச் சென்றாள். கயிறு அறுந்து கிடந்தது. குடிக்கத் தண்ணீரும் கிடைக்காத பள்ளி இது என்று அவள் நொந்துரைத்தது வாஷிங்டன் செவியில் விழுந்தது. தம்மை அத்தனை தூரம் சோர்வுறச் செய்த சொல் வேறில்லை என்றார் அவர். சிக்கனம் என்ற பெயரால் பிள்ளைகளின் வயிற்றில் கைவைக்கலாகாது என்பதை அக்கிணற்றடி நமக்கு உணர்த்துகிறது.

ஒரு கண்டனம்

டஸ்கீகியின் வெற்றியை எல்லாரும் ஒருமுகமாகப் பாராட்டினர் என்று எண்ணலாகாது. அதே இனத்துப் பேரறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கடுமையாகக் கண்டித்தார். கைத்தொழிலையே முதன்மையாக்கினால், ஏழையின் பிள்ளை என்றும் கைத்தொழிலாளியாகவே இருக்கட்டும் என்று உலகம் முடிவுகட்டிவிடும். உயர்கல்வியும் குடியுரிமையும் அவனுக்கு எட்டாமற் போகும் என்பது அவர் வாதம். டஸ்கீகியில் கற்பிக்கும் ஆசிரியர்களே உயர்கல்வி நிலையங்களில் உருவானவர்கள் அன்றோ என்றும் அவர் சுட்டிக் காட்டினார்.

அது உண்மையே. 1892-இல் அங்கு வந்து கட்டடங்களுக்குத் திட்டம் வரைந்த ராபர்ட் டெய்லர், புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவர். 1896-இல் வந்து வேளாண்மைத் துறையை வளர்த்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அயோவாவில் முதுகலைப் பட்டம் பெற்ற அறிவியலார். சுவர்கள் எளியனவாக இருக்கலாம். கற்பிப்பவர் எளியராயிருத்தல் கூடாது. தொழிற்பள்ளி ஏழையின் முதற்படியாக அமைய வேண்டுமேயன்றி, அவன் தலைக்கு மேல் தாழ்ந்த கூரையாக அமையலாகாது. டஸ்கீகியும் இப்படியைத் தாண்டிக் கல்லூரியாக வளர்ந்து, 1985-ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

தெருமுனைப் பெட்டிகள்

டுபாய்ஸ் எழுப்பிய வினாவுக்கு விடைபோல் அமைந்தது மற்றொரு பள்ளி. அது ஐரோப்பாவில், ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் மலைப்பகுதியில் உள்ள மொந்திராகோன் என்னும் தொழிலூரில் எழுந்தது. 1941-ஆம் ஆண்டில் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா என்னும் இளங்குரு அங்கே உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். உள்நாட்டுப் போரினால் நாடு நொந்திருந்த காலம் அது. ஊரில் இருந்த பெரிய தொழிற்சாலை தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. அதில் ஊர்ப்பிள்ளைகளுக்கு இடம் மிகக் குறைவு. இடத்தைப் பெருக்குமாறு அவர் வேண்டினார், பயனில்லை.

எனவே ஊராரிடமே சென்றார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. புதிய பள்ளிக்குத் தம்மால் இயன்ற பணத்தையோ உழைப்பையோ தர விரும்புவோர், அதனை எழுதிப் பெட்டியில் இடலாம். ஏறக்குறைய 600 பேர் எழுதியிட்டனர். 1943-ஆம் ஆண்டு இருபது மாணவருடன் பள்ளி தொடங்கிற்று. முதல் மாணவருட் சிலரை அக்குரு பட்டறையோடு நிறுத்திவிடவில்லை. பகலில் தொழிற்சாலையில் உழைத்த அவர்கள், சரகோசா நகரத்துத் தேர்வுகளை எழுதித் தொழில்நுட்பப் பட்டம் பெற வழிசெய்தார். அவர்களுள் ஐவர் 1956-இல் உல்கோர் என்னும் கூட்டுறவுத் தொழிலகத்தைத் தொடங்கினர். 1966-இல் மாணவர் பாதி நாள் உழைத்துப் பாதி நாள் படிப்பதற்கெனவே ஒரு கூட்டுறவு அமைப்பும் ஏற்பட்டது. உல்கோரின் வழிவந்த வீட்டுச் சாதனத் தொழிற்சாலை 2013-ஆம் ஆண்டில் நொடித்து வீழ்ந்தது. பள்ளியோ வீழவில்லை, 1997-இல் உருவான மொந்திராகோன் பல்கலைக்கழகத்தின் பொறியியற் புலமாக அது வாழ்கிறது. 1976-இல் இறையடி சேர்ந்த அக்குருவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்விரு வரலாறுகளும் குறைந்த பொருளுடன் பெரும்பணி தொடங்க விழைவோர்க்குச் சில தெளிவான நெறிகளைத் தருகின்றன.

முதலாவது, கட்டடத்தை இரவல் பெறலாம். ஆசிரியரை இரவல் பெற இயலாது. ஆகவே பட்டியலின் முதல் வரியில் ஆசிரியர் ஊதியத்தையே எழுதுக. முதலாண்டுக்கு மட்டுமன்றி, தொடங்கிய வகுப்பு படித்து முடிக்கும் வரையிலான ஊதியத்திற்கு வழியுண்டா என்று பார்த்தபின் கதவைத் திறக்க.

இரண்டாவது, பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊரைச் சுற்றி வருக. எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை, எதற்கு ஆள் மிகுதி என்பதைப் பட்டறைக்காரரும் கடைக்காரரும் கட்டட மேஸ்திரிகளும் நன்கறிவர். ஒன்றிரண்டு தொழில்களைச் செவ்வனே கற்பிப்பது, பத்துத் தொழில்களைப் பெயரளவில் நடத்துவதினும் நன்று.

மூன்றாவது, தொழிற்பள்ளியில் நாள்தோறும் தீரும் செலவு ஒன்றுண்டு. மரம், இரும்பு, துணி, பற்றவைக்கும் கம்பி, மின்சாரம், கருவி பழுதுபார்த்தல் ஆகியவை அவை. இவற்றிற்குப் பணம் ஒதுக்காத பள்ளியில் மாணவர் கரும்பலகையிலே தச்சு கற்பர்! மாணவர் செய்யும் பொருள் விலைபோவது நலமே. ஆனால் கற்கவந்தவரைக் கூலியின்றி ஒரே வேலையில் நாட்கணக்கில் பிழிவது கல்வி ஆகாது.

நான்காவது, பெருங்கொடையாளரைத் தேடுமுன் ஊராரைத் தேடுக. ஊரார் தரும் தொகை சிறிதாயினும், கொடுத்தவர் அப்பள்ளியைத் தம்முடையதாகக் கருதுவர். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அவர்கள் முன் படித்துக் காட்டுவது அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் வட்டியாகும்.

ஐந்தாவது, உரிய அங்கீகாரத்தைப் பெறாமல் மாணவரைச் சேர்க்கலாகாது. கம்மலை அடகுவைத்துக் கட்டணம் செலுத்திய தாய்க்கு, எங்கும் செல்லாத ஒரு சான்றிதழை நாம் கையளிப்போமாயின், அது கல்விப்பணி ஆகாது. ஏழையின் கடைசிக் காசைப் பறித்த குற்றமே ஆகும். இங்கே பயின்றவர் மேற்கொண்டு எந்தப் படிப்பிற் சேரலாம் என்பதையும் சேர்க்கை நாளிலேயே சொல்ல வல்லவராயிருக்க வேண்டும்.

குறைந்த பணத்தில் தொடங்குவது குறையன்று. குறைந்த கல்வியோடு நின்றுவிடுவதே குறை. ஆறு முட்டைகளை நீட்டிய மூதாட்டி தமக்கென ஒன்றும் வேண்டவில்லை; தம்மினும் மேலாகப் பிள்ளைகள் வாழவேண்டுமென்றே விரும்பினார். எளிய மக்களின் காணிக்கையைப் பெற்று ஒரு பள்ளியைத் தொடங்க முற்படும் எவரும், அந்த விருப்பத்திற்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரே.